கருவியும் கருத்தாவும்: அசிமோவின் விண்ணுலகக் கொலைக்கதை

விஞ்ஞானக் கற்பனையும் துப்பறியும் கதையும் ஒன்றோடொன்று பொருந்தா என்பது அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் ஜோன் கம்பெல் கொண்டிருந்த கருத்து. எதிர்காலத்துத் துப்பறிவோன் கையில் ஆசிரியன் நினைத்த கருவியை நினைத்தவுடன் கொடுத்துவிடலாம். அவ்வாறாயின் வாசகன் தன்னறிவு கொண்டு குற்றவாளியைத் தேடுதற்கு இடம் ஏது? இவ்வினாவிற்கு ஐசாக் அசிமோவ் நவீனங்களாலேயே விடை தந்தார். அவற்றுள் 1957இல் நூலாக வெளிவந்த 'தி நேக்கட் சன்' சிறப்பாக நோக்கத்தக்கது. 'திரையற்ற ஞாயிறு' என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

கதை நிகழும் களம் சொலாரியா என்னும் குடியேற்ற உலகம். பூமியிலிருந்து சென்ற மக்கள் குடியேறிய ஐம்பது உலகங்களுள் இறுதியானது அது. அங்கு வாழும் மனிதர் 20,000 பேர். அவர்க்கு ஏவல் செய்யும் இயந்திர மனிதர் 20 கோடி. ஒவ்வொருவரும் பரந்த பண்ணையொன்றில் தனித்து வாழ்வர். ஒருவரோடொருவர் உரையாடுவது தொலைவிலிருந்து தோற்றுவிக்கப்படும் உருவங்களின் வாயிலாகவே. ஒரே அறையில் இருவர் மூச்சு விடுதல் அவர்க்கு அருவருப்பான செயல். இத்தகைய உலகில் டெல்மார் என்பவன் தலையில் அடிபட்டு இறந்து கிடக்கிறான். அடித்துக் கொல்வதற்கு அணுகவேண்டும்; அணுகக் கூடியவள் மனைவி கிளேடியா ஒருத்தியே. ஆயுதமோ அகப்படவில்லை. அருகே நின்ற இயந்திர மனிதன் மூளை கலங்கிப் பயனற்றுப்போயிற்று. பூட்டிய அறையினுள் நிகழும் கொலை என்னும் பழைய உத்தி இங்குப் புதுவடிவு பெறுகின்றது. பூட்டு அம்மக்களின் மனத்திலேயே உளது.

துப்பறிய வரும் எலைஜா பெயிலி, பூமியின் மூடுண்ட நகரில் வளர்ந்தவன். வெறும் வானத்தைக் கண்டால் நடுங்குபவன். அவன் அச்சமும் சொலாரியரின் அச்சமும் எதிரெதிராக நிற்பது நவீனத்தின் அழகுகளுள் ஒன்று. ஆயினும் கதையின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது.

அசிமோவ் 1942இல் வகுத்துரைத்த மூன்று விதிகளுள் முதலாவது, இயந்திர மனிதன் மனிதனுக்குத் தீங்கு செய்தலாகாது என்பது. இவ்விதியை மீற இயலாதென்பது சொலாரியரின் அசையா நம்பிக்கை. பெயிலியோ விதியில் ஒரு சொல் குறைகின்றதென்கிறான். 'அறிந்து' தீங்கு செய்தலாகாது என்பதே உண்மையான விதி. பானமொன்றில் நஞ்சு கலக்குமாறு ஏவப்படும் இயந்திரம், அதனை எவரும் பருகப் போவதில்லையென நம்பிக் கலக்கும். பிறிதோர் இயந்திரம் நஞ்சு கலந்ததை அறியாது கொண்டுபோய்க் கொடுக்கும். இரண்டும் விதி கடந்தனவல்ல, மனிதனோ மாண்டுபோவான். செயலைத் துண்டாக்கிப் பங்கிட்டுவிட்டால் பாவமும் காணாமற் போய்விடும் போலும்! கம்பெல்லின் ஐயத்திற்குத் தக்க விடையும் இதுவே. புதுக்கருவி எதுவும் புகுத்தப்படவில்லை. முன்னரே வாசகன் கையிற் கொடுத்த விதியொன்றைத் திருத்தமாகப் படித்ததே துப்பு.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இது புதிதன்று. மூன்றாம் வேற்றுமை கருவிப் பொருளிலும் வரும். கருத்தாப் பொருளிலும் வரும். கருத்தாவும் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகைப்படும். கோயிலைக் கட்டியவன் அரசனா, தச்சனா என்று மாணாக்கர் வினவும் வினாவையே அசிமோவ் கொலை வழக்காக்கியுள்ளார். அறியாது இயற்றும் இயந்திரம் கருவியாய் ஒழிகின்றது. ஏவியவனே கருத்தாவாய் எஞ்சுகின்றான்.

அவ்வாறு ஏவியவன் லீபிக் என்னும் இயந்திர வல்லுநன். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே மூளும் பூசல்களை அறிந்த அவன், கழற்றக்கூடிய கைகளையுடைய இயந்திர மனிதனொருவன் பூசல் முற்றும் வேளையில் தன் கையைக் கழற்றி அவளிடம் நீட்டுமாறு செய்கிறான். சினத்தால் தன்னை மறந்த கிளேடியா அதனால் அடித்துவிடுகிறாள். இவ்வமைப்பின் திறம் மறுக்கவியலாதது. எனினும் இங்கேதான் நவீனம் இடறுகின்றது. லீபிக்கின் போர்த்திட்டம் இறுதியில் அவசரமாகத் திணிக்கப்பட்டதாகவே தோன்றும்; அவன் தற்கொலையோ ஆசிரியருக்கு மிக வசதியாக வாய்க்கின்றது. இவை சிறு குறைகள். பெருங்குறை யாதெனில், கிளேடியாவை ஆசிரியர் இயந்திரங்களோடு ஒருங்கு வைத்தெண்ணியமையாம். பெயிலி அவள் செயலைச் சொலாரியரிடம் மறைக்கிறான். பூமிக்கு மீண்டபின் மேலதிகாரியிடம் மட்டும் உரைத்து, அறத்தின்படி பழி அவளுடையதன்று என முடிவுகட்டுகிறான். இயந்திரத்தை விடுவித்த அதே வாதத்தால் மனுஷியையும் விடுவிக்கலாமா? இயந்திரத்திற்குச் சினமில்லை. அவளுக்கோ சினமும், அச்சினத்திற்கு நெடுநாளைய தனிமை என்னும் காரணமும் இருந்தன. அவளை வெறுங் கருவியாக்குவது இரக்கம் போலத் தோன்றினும், அவள் பட்ட துன்பத்தையும் அவளிடமிருந்து பறித்துவிடுகின்றது. இக்கேள்வியை எதிர்கொள்ள அசிமோவ் ஒதுக்கியவை சில வரிகளே.

ஆயினும் நவீனத்தில் ஓரிடம் இவ்வினாவைத் தன்னையறியாமலே எழுப்பிவிடுகின்றது. சொலாரியாவை நீங்கிச் செல்லும் கிளேடியா, விடைபெறும் வேளையிற் கையுறையைக் கழற்றிப் பெயிலியின் கன்னத்தைத் தன் வெறுங்கையால் தொடுகிறாள். மனிதத் தீண்டலை அஞ்சி வளர்ந்தவளின் இச்செயலை வாசகன் மகிழ்ச்சியோடு படித்துச் செல்கிறான். கணவனை அடித்தது அக்கையே என்பது அவனுக்கு அடுத்த அத்தியாயத்திலேதான் தெரியவருகின்றது. பெயிலி அதனை அறிந்துகொண்டே அங்கு நின்றான்.