பச்சைக் கம்பளமும் பதினெட்டாயிரம் அடியும்

லடாக் பைக் பயணக் கட்டுரையை இப்போது லடாக் போகாமலேயே எழுதிவிடலாம். சும்மா சொல்லவில்லை, நான் ஒன்று எழுதிப் பார்த்தேன். மணாலியில் புறப்பாடு, பாராலாச்சா லாவில் தலைவலி, பாங்கில் கொட்டகைக்குள் சூடாக மேகி, மோரே சமவெளியில் காற்றும் மணலும், கார்துங் லா பலகை முன் கைதூக்கி ஒரு படம், பாங்காங் ஏரியின் நீலம், கடைசிப் பத்தியில் 'என்னை நான் கண்டுகொண்டேன்'. வாசித்த மூன்று நண்பர்களில் இரண்டு பேர், "எப்படா போன, சொல்லவே இல்ல?" என்று கேட்டார்கள்.

அந்த அச்சு இப்போது கேமரன் மலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு என்ஃபீல்ட், எட்டு கப்சாய், விடிகாலையில் தாப்பாவில் பசியாறல், லாத்தா இஸ்கண்டார் அருவியில் குழுப்படம், ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங். இங்கே பனிப் பாலைவனமும் இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை. பிரிஞ்சாங் மலையின் உச்சியே 2,000 மீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனாலும் குளிரில் விரல் விறைக்கிறது, மேகம் வந்து தோளைத் தொடுகிறது, தேயிலை 'பச்சைக் கம்பளம்' விரிக்கிறது. இந்தக் கம்பளத்தை இதுவரை எத்தனை கட்டுரையில் மிதித்திருக்கிறேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன்.

அந்த உவமையிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. தேயிலை கம்பளமாக வளர்வதில்லை. விட்டால் மரமாகிவிடும். இடுப்பளவில் அது தட்டையாக நிற்பதற்குக் காரணம், யாரோ சில வாரத்துக்கு ஒருமுறை வந்து மேலே வெட்டிக்கொண்டே இருப்பதுதான். செடிகளுக்கு நடுவே நெளிந்து போகும் கோடுகள் அழகுக்காகப் போட்டவையல்ல, இலை வெட்டுகிறவர்கள் நடக்கும் தடம். ஆக, நாம் ரசிக்கும் காட்சி முழுவதும் வேலையின் சுவடு. கம்பளம் என்று எழுதியதும் அந்த வேலை மறைந்துபோகிறது. அம்மா இங்கே ஒரு லயத்தில் பிறந்தவர். பாட்டியின் கட்டைவிரல் நகத்தில் கடைசிவரை கறை போகவில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்துங் லாவில் பல காலம் நின்ற பலகை 18,380 அடி என்றது. அளந்து பார்த்தவர்கள் சொல்லும் உயரம் 17,582 அடி. எண்ணூறு அடி பொய். இது பல வருடமாக ஊரறிந்த விஷயம், ஆனாலும் நம் கட்டுரைகள் பலகையைத்தான் நகலெடுக்கின்றன. உயரம்தான் கதாநாயகன் என்று முடிவான பிறகு சரிபார்க்க யாருக்கு மனசு வரும்? அந்தச் சாலைகளில் கல் உடைப்பவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துக்காரர்கள். 2020 மே மாதம், ஊரடங்கில் லடாக்கில் சிக்கிக்கொண்ட அவர்களில் அறுபது பேரை அந்த மாநில அரசு விமானத்தில் ராஞ்சிக்குக் கொண்டுவந்தது. பைக் கட்டுரையில் இவர்கள் வந்தால் 'முகம் கறுத்த, புன்னகை மாறாத மனிதர்கள்' என்று அரை வரி வரும். நம் தாப்பா சாலைக்கு அந்த அரை வரியும் இல்லை. 1885இல் வில்லியம் கேமரன் வந்தார், 1929இல் போ தோட்டம் ஆரம்பமானது, 1931இல் சாலை மேலே வந்து சேர்ந்தது என்று மூன்று ஆண்டுகளைப் போட்டுவிட்டு கட்டுரை அடுத்த வளைவுக்குப் போய்விடும். சாலையோரம் பெத்தாய் விற்கும் செமாய் மக்கள் 'பழங்குடியினர்' என்ற ஒற்றைச் சொல்லோடு சரி.

பைக்கில் போனால் இப்படித்தான் எழுத வரும் என்று சொல்ல முடியாது. சே குவேராவின் 'மோட்டார் சைக்கிள் டைரி'யை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோமே, அதில் பாதி வழி தாண்டுவதற்குள் மோட்டார் செத்துவிடுகிறது. பழைய நார்ட்டனை சிலியிலேயே விட்டுவிட்டு நடந்தும் லாரி ஏறியும் போகிறார்கள். 1952இல் சுக்கிகமாட்டா சுரங்கத்துக்குப் போகும் வழியில், பாலைவனக் குளிர் இரவில், வேலை தேடிப் போகும் ஒரு கம்யூனிஸ்ட் தம்பதியைச் சந்தித்து தங்கள் போர்வை ஒன்றைக் கொடுக்கிறார்கள். என் கணக்கில் புத்தகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதுவரை அது இரண்டு பையன்களின் ஊர்சுற்றல். அந்தக் குளிருக்கு டிகிரிக் கணக்கு தேவைப்படவில்லை.

குழுப் பயணத்துக்கு இன்னொரு சிக்கல், 'நாங்கள்'. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. பத்து பேரும் ஒரே வாயால் வியக்கிறார்கள், ஒரே வயிற்றால் பசிக்கிறார்கள். பெட்ரோலுக்குக் கடன் வாங்கியவன் யார், லைசென்ஸ் இல்லாமல் வந்தவன் யார், வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தவள் யார் என்று ஒன்றும் தெரியாது. மலையில் வாழ்பவர்களோ 'அவர்கள்'.

இதையெல்லாம் பெரிதுபண்ணக் காரணம் உண்டு. நம் தோட்ட இலக்கியம் பெரும்பாலும் ரப்பர் இலக்கியம். அகிலன் வந்து பார்த்து எழுதியதும் 'பால்மரக் காட்டினிலே'தான். தேயிலைக்குப் போனால் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கை மலை. பி.எச். டேனியலின் 'ரெட் டீ' (1969), தமிழில் இரா. முருகவேளின் 'எரியும் பனிக்காடு', ஆனைமலை. கேமரனுக்கு அப்படி ஒரு பெயரைச் சட்டென்று சொல்ல எனக்கு வரவில்லை. ஆகவே இன்றைக்கு இந்த மலையைப் பற்றி ஒரு இளைஞர் தமிழில் முதலில் படிப்பது பைக் கட்டுரையாகவே இருக்கக்கூடும்.

சமீபத்தில் ஒரு நண்பர் தன் கேமரன் கட்டுரையை வாசிக்கக் கொடுத்தார். பதினான்கு பக்கம். ரிங்லெட்டுக்கு மேலே மழையில் ஒரு கப்சாயின் செயின் அறுந்து, மூடிக் கிடந்த ஒட்டுக்கடையில் ஒதுங்குகிறார்கள். அங்கே வேனுக்குக் காத்திருக்கும் ஒரு அக்கா, "எந்த ஊரு தம்பி?" என்கிறார். ஈப்போ என்கிறார் இவர். "என் பையனுங்களும் கீழதான். ஒருத்தன் சிங்கப்பூரு. இப்ப இங்க இல வெட்டுறது பூரா வங்காளதேசத்துப் பையனுங்க. பாவம், குளிரு தாங்கல அவனுங்களுக்கு." தன் சால்வையை ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொல்கிறார். அவ்வளவுதான், ஐந்து வரி. செயின் மாட்டியதும் கிளம்பிவிடுகிறார்கள்.

பதினான்கு பக்கத்தில் எனக்கு நின்றது அந்த ஐந்து வரிதான். அக்காவுக்கு அந்தப் பையனோடு எந்த மொழியில் பேச்சு, சால்வை திரும்பி வந்ததா, மழையில் வேன் எத்தனை மணிக்கு வந்தது, இதையெல்லாம் எழுதச் சொன்னேன். நண்பர் தலையாட்டினார். போன வாரம் திருத்திய பிரதி வந்தது. பத்து பக்கம், முன்பைவிடச் சீராக ஓடுகிறது. அக்காவைக் காணோம். கேட்டேன். "பயணத்தோட வேகம் கொறையுதுன்னு எடுத்துட்டேன்" என்றார்.