எண் கிடைத்தது, முகவரி எங்கே?

மலையக மக்களின் வாழ்வை ஆராய்வோர் கூலி, குடியுரிமை, காணி ஆகியவற்றைப் பற்றி நிறையவே எழுதியிருக்கின்றனர். ஆனால், லயத்துக்கு வரும் செய்தி யார் கை வழியாக வருகிறது, அதை முதலில் அறிபவர் யார் என்பதும் அதிகாரத்தைப் பற்றிய கேள்வியே. இன்று நுவரெலியாவிலும் அட்டனிலும் லயங்கள்தோறும் கைத்தொலைபேசி ஒலிக்கிறது. இதனை வெறும் நாகரிக மோகம் என்று பழிப்போருடன் நாம் உடன்படுவதற்கில்லை.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்திலே தகரச் சீட்டொன்று தொங்கியது. அவர் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. இந்நாட்டில் அவருக்குக் கிடைத்த முதல் அடையாளம் அதுவே. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறல் எனப்பட்ட காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டே லயங்களுக்குச் சென்றார். தொழிலாளி வெளியுலகோடு பேசுவதைத் துரைமார் அவ்வளவு அஞ்சினர்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தனர். பிரிந்தவர்களை இணைத்தது கடிதம். அக்கடிதமும் தோட்ட அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. லயத்து அறைக்கெனத் தனி முகவரி இருக்கவில்லை.

இந்தப் பின்னணியிலேதான் கைத்தொலைபேசியை மதிப்பிடல் வேண்டும். தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையிலே தொடங்கியபோது, அது செல்வந்தர்களின் உடைமையாகவே இருந்தது. இன்றோ நாட்டிலுள்ள இணைப்புகளின் தொகை மக்கள் தொகையையே மிஞ்சிவிட்டது. கூடலூரில் வாழும் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்து அட்டனில் இருப்பவர் பேசுகிறார். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாய் தன் பிள்ளையின் குரலைக் கேட்கிறாள். இடையிலே கங்காணியும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. 2018 ஒக்டோபரில், 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கைக்கு ஆதரவாக மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் கறுப்புடையுடன் திரண்டபோது, அவர்களை ஒன்றுகூட்டியதில் சமூக ஊடகங்களுக்குப் பெரும் பங்குண்டு. அச்சம்பளம் 2021இல் சம்பள நிர்ணயச் சபையின் மூலம் கிடைத்தது.

ஆயினும் இவ்வளவோடு மகிழ்ந்து நின்றுவிட முடியுமா? 2020இலும் 2021இலும் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. படிப்பு கைத்தொலைபேசிக்கு மாறியது. தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடுகளில் ஏறி நின்றனர். கருவியே இல்லாத வீடுகளும் இருந்தன. கொழுந்து பறித்துப் பெறும் நாட்சம்பளத்தில் ஒரு பகுதி ரீலோட்டுக்குப் போகிறது. அன்றாடம் உழைப்பவர் தம் பேச்சையும் அன்றாடம் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது.

இதைவிட அடிப்படையான குறை வேறொன்று. பல தோட்டங்களில் லயத்து அறைக்கு இன்றும் தனி முகவரி இல்லை. வங்கி அறிவித்தலும் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் தோட்ட அலுவலகத்தைச் சுற்றியே வருகின்றன. தாமதித்து வந்த கடிதத்தால் வேலை வாய்ப்பை இழக்கவும் நேரும். தொலைபேசி எண்ணைக் கம்பனி கடையிலே விற்றுவிடலாம். முகவரியோ காணியோடும் வீட்டோடும் பிணைந்தது. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. எந்த மாற்றத்திலும் லயம் அதில் வாழ்பவருக்குச் சொந்தமாகவில்லை. முகவரி பிறக்காததன் காரணம் இதுவே.

நம் எழுத்தாளர்களுக்கும் இங்கே கடமை உண்டு. என்.எஸ்.எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் தம் காலத்துத் தோட்ட வாழ்வை உற்றுநோக்கிக் கலையாக்கினர். இன்றைய படைப்பாளி கைத்தொலைபேசியை இளைஞரைக் கெடுக்கும் பேயாகத் தீட்டுவது எளிது. அதனால் யதார்த்தம் துலங்காது. அந்தக் கருவி எவருடைய அதிகாரத்தைத் தளர்த்தியது, எதை அசைக்க முடியாமல் நிற்கிறது என்பதை அவர் காட்டட்டும். மக்களும் இயக்கங்களும் காணி உரிமையையும் வீட்டு முகவரியையும் ஒரே கோரிக்கையாக முன்வைத்துப் போராடட்டும்.