நடைப்பிணங்களும் நாள் கடத்துவோரும்

‘நடைப்பிணம்’ என்னும் சொல்லைத் தமிழர் இறந்தவருக்கு வழங்கியதில்லை. ஊக்கமும் குறிக்கோளுமின்றி, உண்டு உறங்கித் திரியும் உயிருள்ளவரைக் கடிந்துகொள்ளவே அதனை வழங்கினர். கல்லறையிலிருந்து எழுந்துவரும் பிணத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸோம்பி’ என்னும் பெயருக்கு ஈடாக இன்று அச்சொல்லை எடுத்தாள்வோரும் உளர். ஒரே சொல் இவ்வாறு உயிருள்ளவருக்கும் உயிரற்றவருக்கும் பொதுவாகிவிட்டது. 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஷான் ஆஃப் த டெட்’ என்னும் பிரிட்டிஷ் திரைப்படத்தின் நகைச்சுவை முழுவதும் இந்தப் பொதுமையின் மீதுதான் எழுப்பப்பட்டுள்ளது.

அரபு மொழி பயிற்றும் ஒருவர் இத்தகைய படத்தைப் பற்றி எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். பிணங்கள் மனிதரைக் கடிப்பதும், மனிதர் கிரிக்கெட் மட்டையால் பிணங்களின் தலையைப் பிளப்பதும், அதனைக் கண்டு அரங்கம் சிரிப்பதுமான ஒன்றில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, வெவ்வேறு நாட்டு இளைஞர்கள் ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால், அவர்கள் எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்று கேட்பது கல்வி பயிற்றுவோரின் கடமை என்றே நாம் கருதுகிறோம்.

முதலில் இந்த நடைப்பிணத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். அதன் பிறப்பிடம் கரீபியக் கடலிலுள்ள ஹைத்தி. ‘சான் டொமாங்கு’ என்ற பெயரில் அது பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகள் அதன் கரும்புத் தோட்டங்களில் மடிந்தனர். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து, 1804இல் விடுதலை நாட்டை நிறுவினர். ஸோம்பி பற்றிய நாட்டார் நம்பிக்கையில் அடிமை வாழ்வின் நினைவு உறைந்திருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இறப்பேனும் விடுதலை தரும் என்று நம்பியிருந்தவனை, இறந்த பின்னும் எழுப்பி, விருப்பமும் நினைவும் அற்றவனாக்கி, மீண்டும் தோட்டத்தில் உழைக்க வைப்பதே அந்நம்பிக்கையின் கரு. ஆகவே ஹைத்தி மக்கள் ஸோம்பி தம்மைத் தாக்கும் என்று அஞ்சியதைவிட, தாமே ஸோம்பியாகிவிடுவோமோ என்று அஞ்சியதே மிகுதி. அமெரிக்கா ஹைத்தியைக் கைப்பற்றி ஆண்ட 1915 முதல் 1934 வரையிலான காலத்தில்தான் இந்நம்பிக்கை ஆங்கில நூல்களிலும் திரையிலும் புகுந்தது. 1932இல் வந்த ‘வொய்ட் ஸோம்பி’ படத்தில், சர்க்கரை ஆலையின் அரைவைப் பொறிக்குள் ஓர் உழைப்பாளிப் பிணம் தவறி விழுகிறது. ஏனைய பிணங்கள் தலை திருப்பாமல் பொறியைச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. இக்காட்சியை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். இறுதியில் இதற்குத் திரும்புவோம்.

1968இல் ஜார்ஜ் ரொமெரோ என்னும் அமெரிக்க இயக்குநர் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தின் வாயிலாக நாம் இன்று அறிந்துள்ள நடைப்பிணத்தை உருவாக்கினார். ஏவுகின்ற மந்திரவாதியும் எசமானும் மறைந்தனர். பிணங்கள் தாமாகவே எழுந்து மனிதரைத் தின்னத் தொடங்கின. அப்படத்தில் அவை ஸோம்பி என்று அழைக்கப்படவில்லை என்பதும், ‘கூல்’ என்னும் அரபுச் சொல்லின் ஆங்கில வடிவமே அவற்றுக்கு வழங்கப்பட்டது என்பதும் நமக்குச் சுவையான செய்திகள். பழைய அரபுக் கதைகளில் கூல் என்பது பாலைவனத்தில் உருமாறி வழிப்போக்கரைத் திசைதிருப்பும் தீய உயிர். எதிர்பாராத வேளையில் பற்றி அழித்தல் என்பது அதன் வேர்ச்சொல்லின் பொருள். மறைந்திருந்து கொல்லுதலைக் குறிக்கும் ‘இக்தியால்’ என்ற சொல்லும் அவ்வேரிலிருந்து பிறந்ததே. பின்னர் 1978இல் வந்த ‘டான் ஆஃப் த டெட்’ படத்தில் ரொமெரோவின் பிணங்கள் பெரும் வணிக வளாகம் ஒன்றில் வந்து குவிகின்றன. உயிரோடிருந்தபோது சென்று பழகிய இடத்திற்கே கால்கள் அவற்றை இழுத்து வருகின்றன. பசியை மட்டுமன்றிப் பழக்கத்தையும் பிணத்திற்கு உரியதாக்கியது இப்படம்.

இந்தப் ‘பழக்கம்’ என்னும் கருத்தைத்தான் எட்கர் ரைட் என்னும் இயக்குநரும், அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதி முதன்மைப் பாத்திரத்தில் நடித்த சைமன் பெக்கும் இலண்டனின் சாதாரணத் தெரு ஒன்றுக்குக் கொண்டுவந்தனர். கதைத் தலைவன் ஷானுக்கு வயது 29. மின்பொருள் கடையில் விற்பனையாளன். அவன் வீட்டில் தங்கியிருக்கும் நண்பன் எட், நாள் முழுவதும் மெத்திருக்கையில் அமர்ந்து கணினி விளையாட்டு ஆடுபவன். மாலையானால் இருவரும் ‘வின்செஸ்டர்’ என்னும் ஒரே மதுவிடுதிக்குச் செல்வர். ஷான் தீயவனல்லன், அறிவற்றவனும் அல்லன், காலந்தள்ளுகிறவன். செய்ய வேண்டியது எதுவென்று அவனுக்குத் தெரியும். நாளை செய்யலாம் என்பதும் தெரியும். அவன் காதலி லிஸ் அவனைக் கைவிடுவதற்குக் காரணம் எந்தப் பெருங்குற்றமும் இல்லை. இந்த மாறாத மாலைகள்தாம் காரணம்.

படத்தின் தொடக்கத்தில், பிணம் ஒன்றும் எழுவதற்கு முன்பே, பல்பொருள் அங்காடியில் காசு வாங்கும் பணியாளர்கள் ஒரே அசைவில் பொருள்களைத் தள்ளுவதையும், பேருந்தில் மக்கள் உணர்வற்ற முகங்களுடன் நிற்பதையும் காண்கிறோம். பிறகு ஷான் படுக்கையிலிருந்து எழுகிறான். காலை இழுத்து நடந்து, ஒரு முனகலை வெளியிடுகிறான். பிணம் என்று நாம் துணுக்குறும்போது அது கொட்டாவியாக முடிகிறது. அடுத்து அவன் மூலைக் கடைக்கு நடந்து செல்வதை வெட்டின்றி ஒரே ஓட்டத்தில் காட்டுகிறார் இயக்குநர். மறுநாள் காலையும் அதே நடை, அதே ஓட்டம். இம்முறை ஊரே பிணக்காடாகிவிட்டது. ஷான் ஒன்றையும் காணவில்லை. கடையின் தரையில் இரத்தம் வழுக்குகிறது. குளிர்பெட்டியின் கதவில் இரத்தக் கைத்தடம் பதிந்திருக்கிறது. அவன் குளிர்பானத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான். தள்ளாடி நெருங்கும் பிணத்தைப் பிச்சைக்காரன் என்று எண்ணிச் சில்லறை இல்லை என்று சொல்லி விலகுகிறான். வீட்டில் தொலைக்காட்சி பேரழிவை அறிவித்துக்கொண்டிருக்க, அவன் அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கிறான்.

அரங்கம் சிரிப்பது இங்கேதான். இச்சிரிப்பைச் சற்று நின்று ஆராய வேண்டும். பிணத்தைப் பிச்சைக்காரன் என்று அவன் பிழையாகக் கருதினான் என்பது ஒரு பாதி. முந்தைய நாளின் பிச்சைக்காரனை மட்டும் அவன் முகம் பார்த்தா சில்லறை இல்லை என்றான் என்பது மறுபாதி. முகம் பார்க்கும் பழக்கம் முன்பே போய்விட்டதால்தான் முகம் அழுகியது தெரியவில்லை. இந்த உண்மையை ஓர் அறிவுரையாளர் மேடையேறிச் சொல்லியிருந்தால் அவ்விளைஞர் எழுந்து போயிருப்பர். நகைச்சுவை அதனை அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறது. சிரிப்பும் ஓர் ஒப்புதலே.

இவ்வகைப் படங்களின் கவர்ச்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் வேறு. பயனற்றவன் என்று தள்ளப்பட்ட எளியவன் பேரிடரில் வீரனாகிறான். அந்த விருப்பக் கனவே இளைஞரை ஈர்க்கிறது என்பர். பிற படங்களுக்கு இது ஓரளவு பொருந்தலாம். 2011இல் வெளிவந்த ‘ஹுவான் ஆஃப் த டெட்’ என்னும் கியூபப் படத்தில், ஹவானா நகரின் வேலையற்ற ஹுவான், பிணமாகிவிட்ட உறவினரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொன்றுதரும் தொழிலையே தொடங்கிவிடுகிறான். 2013இல் வந்த ‘கோ கோவா கான்’ என்னும் இந்திப் படத்தின் நண்பர்கள் போதை விருந்தைத் தேடித் தீவுக்குப் போய்ப் பிணங்களிடம் சிக்கி, ஒருவாறு தப்பி மீள்கின்றனர். ஆனால் ஷானின் வீரம் எத்தகையது? உலகமே அழியும் வேளையில் அவன் வகுக்கும் திட்டம், தாயையும் காதலியையும் அழைத்துக்கொண்டு அதே மதுவிடுதிக்குப் போவதுதான். பிணங்கள் வணிக வளாகத்திற்கு நடப்பதும் ஷான் வின்செஸ்டருக்கு நடப்பதும் ஒரே விதியின்படிதான். இப்படம் அவனை உயர்த்தவில்லை. அவனது பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று காட்டுகிறது. அந்த நேர்மைதான் இதனை ஏனையவற்றினின்று பிரிக்கிறது.

பழக்கத்தைக் கடந்த ஒன்று அவனுக்கு நேர்வது இரண்டு இறப்புகளின் போது மட்டுமே. மாற்றுத் தந்தை ஃபிலிப்பை அவன் என்றும் ஏற்றதில்லை. கடிபட்ட ஃபிலிப், ஓடும் வண்டியில், தாம் அவன்மீது என்றும் அன்பு கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டு இறக்கிறார். பிறகு பிணமாக எழுகிறார். எழுந்ததும் தமக்குப் பிடிக்காத உரத்த இசையை நிறுத்துகிறார்! அரங்கம் சிரிக்கிறது. ஆனால் அச்சிரிப்புக்குச் சற்று முன்னர்தான் ஒருவன் தன் தந்தையை முதன்முறையாகப் பெற்று, அப்போதே இழந்தான். இது ஃபிலிப் அல்லர் என்று தாயிடம் அவன் வலியுறுத்துகிறான். சிறிது நேரத்தில் அதே வாக்கியம் அவனிடமே திரும்பி வருகிறது. பிள்ளைக்குத் தொல்லை தரலாகாது என்று தாய் பார்பரா தான் கடிபட்டதை மறைத்திருக்கிறாள். அவள் இறந்து எழும்போது துப்பாக்கி ஷானின் கையில் இருக்கிறது.

இக்காட்சியைக் கண்டபோது நமக்கு ஆந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஹய் இப்னு யக்ளான்’ நினைவுக்கு வந்தது. ஆளற்ற தீவில் மான் ஒன்றால் வளர்க்கப்படும் குழந்தை ஹய். அந்தத் தாய்மான் இறந்தபோது அதனை மீட்கும் ஆவலில் அவன் அதன் மார்பைத் திறந்து பார்க்கிறான். இதயத்தின் ஓர் அறை வெறுமையாக இருப்பதைக் கண்டு, தான் நேசித்த தாய் இவ்வுடல் அன்று, இதில் குடியிருந்து நீங்கிவிட்ட ஒன்று என்று உணர்கிறான். அவனது தேடல் முழுவதும் அந்த அறிவிலிருந்தே தொடங்குகிறது. ‘ஹய் இப்னு யக்ளான்’ என்னும் பெயருக்கு ‘உயிருள்ளவன், விழித்திருப்பவனின் மகன்’ என்பது பொருள். விழிப்பிலிருந்தே வாழ்வு பிறக்கிறது என்பதை இப்னு துஃபைல் பெயரிலேயே பொதிந்துவிட்டார். இரு படைப்புகளும் தரத்தில் ஒப்பிடத்தக்கவை என்று நாம் கூறவில்லை. ஆயினும் உடல் நின்றுகொண்டிருக்க உள்ளிருந்தது போய்விட்டது என்பதைத் தாயின் உடலருகே நின்று அறியும் மகன், இரண்டிலும் ஒருவனே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் நாம் மறைக்க விரும்பவில்லை. மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, மென்மையாகக் கப்ருக்குள் இறக்கும் மரபில் வளர்ந்த நமக்கு, இறந்த உடல் அடித்து நொறுக்கப்படுவதைக் கண்டு நகைப்பது உறுத்தவே செய்கிறது. படத்தின் பல காட்சிகள் அந்த உறுத்தலை மரத்துப்போகச் செய்கின்றன. இசைத்தட்டுகளில் எதனை எறியலாம், எதனை வைத்துக்கொள்ளலாம் என்று ஆராய்ந்து பிணங்களின் மீது வீசும் காட்சி அதற்குச் சான்று. ஆனால் தாயின் முன் நிற்கும்போது படம் தானே சிரிப்பை நிறுத்திக்கொள்கிறது. எல்லாப் பிணமும் யாரோ ஒருவருக்குத் தாயாக இருந்ததுதானே என்னும் எண்ணம் அப்போது நமக்குள் எழுகிறது. அவ்வெண்ணத்தை அடுத்த காட்சிக்கும் கொண்டுசெல்லும் துணிவு படத்திற்கு இல்லை. இதனை அதன் பெருங்குறையாகக் கருதுகிறோம்.

முடிவு ஆறு மாதங்களுக்குப் பின் வருகிறது. ஆபத்து அடங்கிவிட்டது. லிஸ் ஷானுடன் வாழ்கிறாள். தேநீர், நாளிதழ், பிறகு மதுவிடுதி என்று அவர்களது நாள் பழையபடி வகுக்கப்படுகிறது. பிணமாகிவிட்ட எட் தோட்டத்துக் கொட்டகையில் கட்டப்பட்டிருக்கிறான். முன்பு போலவே ஷானோடு கணினி விளையாட்டு ஆடுகிறான். நண்பனைக் கைவிடாத அன்பு என்று இதனைக் கொண்டாடுவோர் பலர். எதுவும் மாறவில்லை என்று குறைகூறுவோர் சிலர். இரண்டுமே சரி என்பதுதான் அக்காட்சியின் சுவை.

ஆனால் அதற்குச் சற்று முன்னர், தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு துணுக்கு வந்து மறைகிறது. எஞ்சிய பிணங்கள் அழிக்கப்படவில்லை, பணிகளில் அமர்த்தப்பட்டுள்ளன. சங்கிலியிட்ட பிணங்கள் அங்காடியின் தள்ளுவண்டிகளை இழுக்கின்றன. அவற்றை வைத்துப் போட்டி நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. சில நொடிகளே நீடிக்கும் காட்சி. முதன்முறை பார்த்தபோது நாமும் சிரித்துக் கடந்துவிட்டோம். இரண்டாம் முறைதான் 1932ஆம் ஆண்டின் சர்க்கரை ஆலை நினைவில் எழுந்தது. ஹைத்தியின் அடிமை எதற்கு அஞ்சினானோ, அது இலண்டனின் அங்காடியில் நிறைவேறிவிட்டது: இறந்த பின்னும் ஓயாத உழைப்பு, கூலியற்ற உழைப்பு. ரொமெரோவின் கையில் மறைந்துபோன எசமான் மீண்டும் வந்துவிட்டான். படத்தில் எவரும் இதற்கு அதிர்ச்சியடையவில்லை. மெத்திருக்கையில் அமர்ந்திருக்கும் ஷான் வழக்கம்போல் அலைவரிசையை மாற்றுகிறான்.

முதல் நாள் காலையில் பிச்சைக்காரனைக் காணாத கண்கள், இரண்டாம் நாள் பிணத்தைக் காணாத கண்கள், ஆறு மாதங்களுக்குப் பின் சங்கிலியைக் காணவில்லை. ஷானை மூன்று முறையும் கண்டு சிரித்தவர் நாம். முதல் இரண்டு முறை அவன் காணாததை நாம் கண்டதால் சிரித்தோம். மூன்றாம் முறை, நாமும் காணாமலே சிரித்தோம். இளைஞர்கள் இப்படத்தை மீண்டும் பார்க்க விரும்பினால் தடுக்க வேண்டியதில்லை; அந்த மூன்றாம் சிரிப்பு எழும் இடத்தில் படத்தைச் சற்று நிறுத்தி, வண்டி இழுப்பவர் முகத்தைப் பார்க்கச் சொன்னால் போதும்.