தேடினால் கிடைக்க வேண்டாமா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ ஆவடியிலோ உள்ள ஓர் அலுவலகத்தை எண்ணிக் கொள்ளுங்கள். சுற்றறிக்கைகள், பாதுகாப்பு விதிகள், பயிற்சிக் குறிப்புகள் ஆகியவை இன்று இரும்பு அலமாரியில் இல்லை. பலரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு சர்வரில் இருக்கின்றன. கல்லூரிகளிலும் இதே நிலைதான். ஆயின் சேர்த்து வைப்பதில் காட்டும் அக்கறையைத் தேடித் தருவதில் நாம் காட்டுகிறோமா? தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை, இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ். ஆர். இரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதை வலியுறுத்துகிறது. அந்த விதியையே இங்கு அளவுகோலாகக் கொள்வோம்.

தேடுபொறி எவ்வாறு இயங்குகிறது? நீங்கள் கேட்கும்போது அது ஒவ்வொரு கோப்பையும் புரட்டுவதில்லை. முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்து, நூலின் கடைசியில் உள்ளது போன்ற ஒரு சொல்லடைவைத் தயாரித்து வைத்திருக்கும். அடைவில் உள்ள சொல்லும் நீங்கள் தட்டிய சொல்லும் பொருந்தினால்தான் விடை. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைத்த பொறியை அப்படியே நிறுவிவிட்டால், தமிழில் இந்தப் பொருத்தம் நான்கு இடங்களில் தவறுகிறது.

முதலாவது, எழுத்து. ‘கொ’ என்பதை யூனிகோடில் இரு வகையாகச் சேமிக்கலாம்: மெய்யோடு ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றை ஒன்றாக்கி அடைவில் ஏற்றாவிட்டால் பொறிக்கு அவை வேறு வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளின் நிலை இன்னும் மோசம். அவற்றில் பொறி காண்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலையே.

இரண்டாவது, படமாக எடுத்த பக்கங்கள். எழுத்தாக மாற்றாத பக்கத்தில் பொறிக்கு ஒரு சொல்லும் தெரியாது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்களை அறியாத மென்பொருளிடம் பழைய நூலைக் கொடுத்தால் பிழைகளே மிகும்.

மூன்றாவது, வேற்றுமை உருபுகள். ‘வெப்பம்’ என்று தேடும் மாணவனுக்கு ‘வெப்பத்தை’, ‘வெப்பத்தால்’, ‘வெப்பத்தின்’ என்றுள்ள பக்கங்களும் வேண்டும். சொல்லின் வாலை வெட்டி அடியைக் காணும் முறையை மார்ட்டின் போர்ட்டர் ஆங்கிலத்திற்காக 1980இல் வெளியிட்டார். அவர் தொடங்கிய ஸ்நோபால் தொகுப்பில் தமிழுக்கான விதிகள் 2019இல் இடம்பெற்றன. கருவி கிடைக்கிறது, அதை இயக்கி வைப்பார்தாம் அரியர். கண்மூடி வெட்டினாலும் ஆபத்துண்டு. ‘பாலை’ என்பது பாலைக் காய்ச்சுவதா, பாலை நிலமா?

நான்காவது, ஒரு பொருட் பன்மொழி. பழைய பாடநூலில் பௌதிகம், உஷ்ணம். புதியதில் இயற்பியல், வெப்பம். இலங்கையில் இன்றும் பௌதிகவியலே. நம் பக்கத்து ஊரையே ஒருவர் பூந்தமல்லி என்கிறார், மற்றவர் பூவிருந்தவல்லி என்கிறார். இவற்றை இணைக்கும் சொற்பட்டியலைப் பொறியில் ஏற்றலாம். ஆனால் அதைக் கணிப்பொறிப் பொறியாளர் தனியே எழுதிவிட முடியாது. துறை அறிந்தவரும் உடன் உட்கார வேண்டும்.

மறுபுறம், தேடல் அளவு மீறியும் தரலாகாது. வினாத்தாளும் பாடக்குறிப்பும் ஒரே சர்வரில் இருக்கும்போது, திறக்க உரிமையில்லாத கோப்பின் தலைப்புகூட மாணவனின் விடைப்பட்டியலில் தோன்றக்கூடாது. கோப்பின் அனுமதிகளையும் அடைவு அறிந்திருக்க வேண்டும்.

“எங்கள் பொறி நன்றாகவே தேடுகிறது” என்பார்கள். அளந்து பார்த்தார்களா? பூச்சியப் பிழை காணாமல் வெர்னியரில் அளவெடுக்க ஆய்வகத்தில் நாம் விடுவதில்லை. தேடலுக்கும் சோதனை உண்டு. 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் கிளெவர்டன் செய்து காட்டிய வழி எளியது. இருபது வினாக்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய ஆவணங்களை முதலில் கையால் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு பொறியைக் கேளுங்கள். உரியவற்றுள் எத்தனை வந்தன? வந்தவற்றுள் எத்தனை உரியவை? இந்த இரண்டு விகிதங்களும் பொறியின் தரத்தைச் சொல்லிவிடும்.

விடை வராதபோது தமிழ்வழி மாணவன் பொறியைக் குறை சொல்வதில்லை. தமிழில் இது எழுதப்படவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான். எழுதியவரின் உழைப்பும் தேடியவரின் ஆர்வமும் ஒருங்கே வீணாகின்றன. ஆகவே உங்கள் கல்லூரியிலோ அலுவலகத்திலோ இந்த இருபது வினாச் சோதனையை நடத்தி, முடிவைப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். தமிழில் உள்ளது தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதாகாது.