ஆண்டு என்றொரு அடைமொழி

தமிழில் வருஷம் தவறாமல் வருகிற எதற்கும் முன்னால் 'ஆண்டு' என்ற சொல் ஒட்டிக்கொள்கிறது. ஆண்டு மலர், ஆண்டு விழா, ஆண்டறிக்கை, ஆண்டு விருது. இலக்கணப்படி இது வெறும் அடைமொழி. நடைமுறையில் இதுவே நியாயமாகிவிட்டது. மலர் ஏன் வந்தது? ஆண்டு வந்தது. விருது ஏன் கொடுத்தார்கள்? ஆண்டு முடிந்தது. காலண்டரே காரணமாகிவிட்ட இடத்தில் விமர்சனத்துக்கு வேலை இல்லை. அதனாலேயே இந்தச் சொற்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'வருஷம்' வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு மழை என்றும் பொருள். மழையைக் கொண்டு காலத்தை எண்ணியவர்களின் சொல் அது. மழை வரும்; பொய்க்கவும் செய்யும். 'ஆண்டு' இன்னொரு சொல்லோடு சேரும்போது 'ஆட்டை' ஆகும், 'இன்று' என்பது 'இற்றை' ஆவதுபோல. சோழர் கல்வெட்டுகளில் 'ஆட்டைவட்டம்' என்றால் வருஷந்தோறும் என்று அர்த்தம். கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல்லைச் சொல்கிற இடங்களில் அது வருகிறது. இறந்தவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை செய்வது ஆட்டைத் திவசம். இரண்டிலும் உள்ளது ஒரே கருத்துத்தான்: கடன். ஒன்று இருப்பவர்களுக்குச் செலுத்துவது, மற்றது போனவர்களுக்குச் செலுத்துவது. இந்தச் சொல்லுக்குள் கொண்டாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. தவணை இருந்தது.

இதைவிடத் துலக்கமான உதாரணம் உத்தரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றவை. எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றில் வரும் ஒரு பெயர்: சம்வத்ஸர வாரியம். சம்வத்ஸரம் என்றால் ஆண்டு. ஊர்க் காரியங்களைப் பார்க்க அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் அமர்த்தப்பட்ட பன்னிரண்டு பேர். 360 நாள் நிரம்பினால் இறங்கிவிட வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது; அவன் உறவினர் பெயரையும் இடக்கூடாது. ஆக, 'ஆண்டு' என்ற அடைமொழி அங்கே அதிகாரத்தின் எல்லையைச் சொல்கிறது. ஆண்டு முடிவது விழாவுக்காக அல்ல, கணக்குக்காக.

நம் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த சொல் 'மலர்'. தினசரியும் வாரப் பத்திரிகையும் 'இதழ்' ஆன பிறகு, வருஷத்துக்கொருமுறை கனமாக வருவது 'மலர்' ஆவது உருவகப்படி சரிதான். ஆனால் உருவகங்கள் சும்மா இருப்பதில்லை. மலரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. காய்த்ததா என்றுகூடக் கேட்பதில்லை. அழகாக இருந்தால் போதும், மறுநாள் வாடினால் குற்றமில்லை. தீபாவளி மலர்களின் இலக்கியம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. வழவழப்பான காகிதம், தெய்வப் படம், பெயர் பெற்றவர்களிடம் கேட்டு வாங்கிய கதை. கேட்டு வாங்கியதால் எழுதப்பட்ட கதை.

விருதின் கதை வேறு. சாகித்ய அகாதமி 1955 முதல் தமிழுக்கு ஆண்டு விருது அளிக்கிறது. 1957, 1959, 1960, 1964, 1976 ஆகிய ஐந்து ஆண்டுகளில் தமிழ் நூல் எதற்கும் விருது இல்லை. இந்த ஐந்து வெற்றிடங்களைப் பற்றி நாம் யோசித்ததேயில்லை. ஆண்டு வந்தும் விருது வராமல் இருக்கலாம் என்பதை நான் வரவேற்கிறேன். மழை பொய்க்கலாம் என்ற ஞாபகம் அதில் இருக்கிறது. ஆனால் 1964க்கு முன்பே, 1962இல், பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' வந்துவிட்டது. அந்த வருஷம் மழை பெய்திருந்தது. பாத்திரம்தான் வெளியே வைக்கப்படவில்லை. வெற்றிடம் நேர்மையாகவும் இருக்கலாம், குருட்டுத்தனமாகவும் இருக்கலாம். எது என்று சொல்வது விமர்சகன் வேலை. அதைச் செய்யாமல் ஒவ்வொரு டிசம்பரிலும் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பேசிக் கலைகிறோம்.

சி.சு.செல்லப்பா 1998இல் இறந்தார். 'சுதந்திர தாகம்' நாவலுக்கான விருது 2001க்கு உரியது. ஆண்டு விருது ஆட்டைத் திவசமாக மாறிய இடம் இது. அவர் நடத்திய 'எழுத்து' 1959இல் மாத ஏடாகத் தொடங்கி, பின்னால் காலாண்டு ஏடாகி, 1970இல் 119ஆம் இதழோடு நின்றது. மாதம் ஒன்று முடியவில்லை என்றதும் மூன்று மாதத்துக்கு ஒன்று என்றார். அதுவும் முடியாதபோது நிறுத்தினார். வந்துகொண்டே இருப்பது ஒரு சாதனை என்று அவர் நினைத்திருந்தால் அது இன்றைக்கும் ஏதோ ஒரு மலராக வந்துகொண்டிருக்கும்.

இப்போது நமக்கு இன்னொரு ஆண்டு வாய்த்திருக்கிறது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி. வாசகனுக்கு அது நல்லதுதான். ஆனால் டிசம்பர் கடைசியில் அச்சகங்கள் திணறுவதைப் பார்க்கிறவர்களுக்கு, எத்தனை கையெழுத்துப் பிரதிகள் பழுத்து விழுகின்றன, எத்தனை தடியால் அடிக்கப்படுகின்றன என்பது தெரியும். எழுத்தாளனின் ஆண்டை ஜனவரி தீர்மானிக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் நண்பர்கள் சிலர் வருஷந்தோறும் சிறந்த கவிதைகளைத் தொகுத்து 'ஆண்டு மலர்' கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். தொகுப்பு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அந்தப் பெயர் வேண்டாம். அந்தப் பெயர் வந்தால் முப்பது கவிதை வந்தாக வேண்டும். எட்டுத்தான் தேறியது என்றால் இருபத்திரண்டு பேரை நட்புக்காகச் சேர்ப்போம். அடுத்த வருஷம் அந்த இருபத்திரண்டு பேரும் தொகுப்பாளர்களாக இருப்பார்கள்.

வங்கியில் பேரேட்டோடு பிழைக்கிறவன் நான். மார்ச் 31 வந்தால் ஐந்தொகை எடுத்தாக வேண்டும், அதில் விருப்பு வெறுப்பு இல்லை. ஆனால் ஐந்தொகையில் வராக்கடன் என்று ஓர் இனம் உண்டு. வராததை வராதது என்று எழுதினால்தான் மற்ற எண்களுக்கு மதிப்பு. 'ஆண்டுக் கணக்கு' என்று பெயர் வைப்போம். எட்டுக் கவிதை என்றால் எட்டு. ஒன்றும் இல்லை என்றால் ஒரே பக்கம்; ஏன் இல்லை என்று தொகுத்தவர் அதில் கையெழுத்திட்டு எழுதட்டும். தொகுத்தவர் மறு வருஷம் தொகுக்கக்கூடாது. உத்தரமேரூர்க்காரர்கள் ஏரிக்கும் தோட்டத்துக்கும் போட்ட விதி கவிதைக்கும் பொருந்தும்.