ஆவியும் உழைப்பும்

ஸ்டான்லி க்வானின் ‘ரூஜ்’ (1987) படத்தில், 1930களில் செத்துப்போன தாசியொருத்தி ஆவியாகத் திரும்பி, மாறிப்போன ஹாங்காங்கில் காதலனைத் தேடுகிறாள். 1997இல் நகரம் சீனாவிடம் கைமாறவிருந்ததன் உருவகமாகவே இப்பிரதியை வாசித்துப் பழகிவிட்டோம். எனக்கு இதில் சங்கடம் உண்டு. நகரத்தின் துக்கத்தைச் சுமக்க மறுபடியும் ஒரு பெண்ணுடல்தானா?

ஆவியாக நடித்த கன்டோனீஸ் பாடகி அனிதா முய், நாலைந்து வயதிலேயே லாய் சி கோக் கேளிக்கைப் பூங்காவில் பாடிச் சம்பாதித்தவர். 1982இல் பாட்டுப் போட்டியில் ஜெயித்தபோது அந்த உழைப்புக்கு ஏற்கெனவே பல வருஷம் ஆகியிருந்தது.

2003 நவம்பரில், கருப்பைவாய்ப் புற்றுநோயோடு, எட்டு இரவுகள் மேடையேறி, மணப்பெண் உடையில் விடைபெற்றார். டிசம்பர் 30இல் இறந்தார், வயது 40. அந்த உடையையும் குறியீடுன்னு சொல்லிடுவாங்க. அந்த எட்டு இரவுகளின் உழைப்பை எந்தக் கோட்பாட்டில் வைப்பது?