அழகுக்கு அளவு வகுத்தவர் யார்?

அழகு என்றும் மாறாதது, மாறுவது ஆடை மட்டுமே என்று கூறுவோர் உளர். அரபுக் கவிதையைக் கால வரிசையில் பயில்வோர்க்கு இக்கூற்று நிலைக்காது. ஆடையும் வாழ்வும் மாறுங்கால், அழகெனப் போற்றப்படும் உடலும் மாறுகிறது என்பதே நாம் காணும் உண்மை.

பாலைநிலக் கவிகள் போற்றிய பெண் சிற்றிடையும் நிறைந்த பின்னுடலும் வாய்ந்தவள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் கஅப் இப்னு ஸுஹைர் பாடிய 'பானத் ஸுஆத்' கஸீதாவின் தொடக்கத்திலும் இவ்வருணனையே வருகிறது. இம்ரவுல் கைஸின் காதலியோ முற்பகல்வரை துயில்பவள். உணவு அரிதாகிய நிலத்தில் உடல் நிறைவும் ஓய்வும் செல்வத்தின் அடையாளங்கள். அவையே அழகாயின என்பது நம் கருத்து.

செல்வம் கொழித்த பக்தாதில் அளவுகோல் வேறாயிற்று. கலீஃபா அமீனின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 809–813), அவருடைய அன்னை ஸுபைதா, எழிலான உடல்வாகுடைய அடிமைப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, தலைப்பாகையும் ஆடவர் அங்கியும் இடைக்கச்சையும் அணிவித்தார் என மஸ்ஊதி வரைகிறார். அவ்வழக்கம் மேலோரிடமும் பொதுமக்களிடமும் பரவிற்று. அப்பெண்கள் 'குலாமிய்யாத்' எனப்பட்டனர். அபூ நுவாஸின் கவிதையிலும் இடம்பெற்றனர். ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிழ், பெரும்பாலோர் விரும்பியது 'மஜ்தூலா'வையே என்கிறார். கயிறு திரித்தலைக் குறிக்கும் வினையிற் பிறந்த இச்சொல், பருமனுக்கும் மெலிவுக்கும் இடைப்பட்ட கட்டான உடலை உணர்த்தும்.

ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளின் பின் பாரிஸிலும் இத்தகையதோர் மாற்றம் நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இறுக்குக் கச்சு பெண்ணின் இடையை நெரித்தது. 1920களிலோ இடையே தோன்றாத நேரான ஆடையும் கத்தரித்த கூந்தலும் மெலிந்த உடலும் அழகாயின. 1922இல் வெளிவந்த விக்தர் மார்கரித்தின் நாவற்பெயரான 'கார்ஸோன்' என்பதே அத்தகைய பெண்ணின் பெயராயிற்று. சிறுவனைக் குறிக்கும் சொல்லோடு பெண்பால் விகுதி சேர்ந்த சொல் அது. 'குலாமிய்யா'வும் அவ்வாறு அமைந்ததே.

ஆயினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. பாரிஸ் நங்கை தன் கூந்தலைத் தானே விரும்பிக் கத்தரித்துக்கொள்ள இயன்றது. பக்தாத் அடிமைப் பெண்ணுக்கோ அவ்வுரிமை இல்லை. அவள் உடுத்தது பிறர் கட்டளையை.

இக்கவிதைகளுக்கு உரை கூறுவோர் பலர் உவமை நயத்தை வியந்து அமைந்துவிடுகின்றனர். அழகுக்கு இலக்கணம் வகுத்தவர் ஒருவர், அதனை உடலிற் சுமந்தவர் மற்றொருவர். இதனைச் சொல்லாத உரை, கவிதையின் பாதியையே சொன்னதாகும்.